நன்றாக இழுக்குமா?

ஆம்பூரிலிருந்து சித்தி மகள் போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, தாய்ப்பால் பம்ப் வாங்கலாம் என்றிருக்கிறேன். எது நன்றாக இழுக்கும்?" அவளுக்கு இது எட்டாம் மாதம். ஷூ தொழிற்சாலையில் வேலை. தைத்து முடிந்த ஜோடிகளை அளவு பார்த்து, கோணல் இருந்தால் தனியே எடுத்து வைக்கிற பிரிவு. விடுப்பு முடிந்தால் திரும்பிப் போயாக வேண்டும் என்பதால் இப்போதே யோசிக்கிறாள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். மூன்று நாட்களாக அந்த "நன்றாக இழுக்கும்" என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் மூன்று வருடங்களுக்கு முன் இதே சொற்களோடுதான் நானும் பம்ப் தேடினேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பாலாற்றில் தண்ணீரைவிட மணல் லாரியை அதிகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் பூமிக்கு அடியில் எங்கோ கிடக்கிறது, அதை மேலே கொண்டுவருவது மோட்டாரின் வேலை. எத்தனை ஹெச்.பி., எத்தனை அடி, இழுக்குமா இழுக்காதா? போர் போட்ட வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் மனம் தானாக அங்கே போய்விடுகிறது. உடம்பையும் போர்வெல்லாக நினைத்துவிடுகிறோம்.

என் மகள் கர்ப்பத்தின் 31-ஆம் வாரத்தில், ஒரு மே மாதத்தில், 1 கிலோ 380 கிராமுடன் பிறந்தாள். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், என்.ஐ.சி.யு.வில், ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, இருந்தவர்களுக்குத் தெரியும். பாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே ஒரு சிஸ்டர் வந்து என் கையில் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சைக் கொடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கித் தள்ளு, பிறகு அமுக்கு, விடு. தோலின்மேல் விரலை வழுக்காதே. இருபது நிமிடத்தில் பொன்னிறமாக நாலு சொட்டு வந்தது. சிரிஞ்சில் 0.3 மில்லி. எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ அதைத் தங்கம் நிறுப்பவர் மாதிரி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெயர், நேரம் எழுதி எடுத்துப் போனார். "பம்ப் வேண்டாமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "சீம்பால் கெட்டியாக இருக்கும். பம்ப் போட்டால் வருகிற நாலு சொட்டும் அந்தப் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கைதான்" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் சரிகிறது. இரண்டு மூன்று நாளில் பால் பெருகுவது அதனால்தான், அது தானாக நடக்கும். அதற்குப் பிறகு எதுவும் தானாக நடக்காது. எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால், தேங்கிய பாலே "போதும், நிறுத்து" என்று மார்புக்குச் சொல்லிவிடும். குழந்தை வாய் வைக்க முடியாத நிலையில், ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ராத்திரியிலும் விடாமல் எடுக்க வேண்டும். ராத்திரியில்தான் பாலை ஊற வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினேன். மனதில் பதிந்தது "எடுக்க வேண்டும்" என்ற ஒரே சொல்தான்.

ஹாரன்

மூன்றாம் நாள் மார்பு கல்லாகிவிட்டது. என் கணவர் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரிக்கு ஓடினார். வேலூரில் அந்தத் தெருக்களைத் தெரியாதவர்கள் யார்? மருந்துக்கடை, லாட்ஜ், ஸ்கேன் சென்டர், மறுபடி மருந்துக்கடை. பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளம். அரை மணியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். கண்ணாடியில் ஒரு புனல், அதன் அடியில் பால் தேங்க ஒரு குமிழ், பின்னால் சிவப்பு ரப்பர் பந்து. பழைய ரிக்‌ஷா ஹாரன் ஞாபகம் இருக்கிறதா, அதேதான். "நன்றாக இழுக்கும் என்று கடைக்காரர் சொன்னார்" என்றார்.

இழுத்தது. பந்தை அமுக்கி, புனலை மார்பில் வைத்து, கையை விட்டால் போதும், கண்ணில் நீர் வந்துவிடும். எவ்வளவு இழுக்கிறது என்பது நம் கையில் இல்லை. பந்து விரிகிற அளவுக்கு அது இழுத்தே தீரும். மறுநாள் அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அதே சிஸ்டர் வந்து, ஒன்றும் சொல்லாமல் பந்தைக் கழற்றி என் உள்ளங்கையில் கவிழ்த்து அமுக்கினார். இரண்டு சொட்டு பால் தெறித்தது. "இதன் உள்ளே எப்படிக் கழுவுவாய்?" கழுவ முடியாது. பிரஷ்ஷும் போகாது, முழுவதும் காயவும் காயாது. உள்ளே போன பால் அங்கேயே புளித்து, அடுத்த முறை எடுக்கிற பாலில் கலக்கும். 1 கிலோ 380 கிராம் குழந்தைக்கு. கண்ணாடிப் புனலை என்னிடமே கொடுத்துவிட்டு, பந்தைக் குப்பைக்கூடையில் போட்டார். இன்றைக்கும் அந்த ஹாரன் சில கடைகளில் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் உள்ளே போய்ச் சண்டை போடலாம் போலிருக்கிறது.

இழுப்பு என்பதே கெடுதல் என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடியாத்தத்துப் பெண்ணுக்கு ஒரு காம்பு உள்வாங்கி இருந்தது. அவளுக்கு அந்த சிஸ்டரே ஒரு கருவி செய்து கொடுத்தார். 10 மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, தண்டை வெட்டிய பக்கமாகச் செருகி, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பிடிப்பது. அரை நிமிடம், ஒரு நிமிடம், நாளைக்குச் சில முறை. வலித்தால் தண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் ஆயிற்று. இழுப்பவளும் இழுபடுபவளும் ஒருத்தியே என்பதால் அளவு மீறாது. எந்தப் பெரிய கம்பெனியும் இதைவிட நாணயமான கருவியைச் செய்ததில்லை என்பது என் கட்சி.

அடுத்து இணையத்தில் ஒரு மின்சாரப் பம்ப் வாங்கினோம். பெட்டியின்மேல் எண் பெரிதாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன், மோட்டார் வாங்குகிற புத்திதானே. மருத்துவமனைகளில் வைத்திருக்கும் பெரிய பம்புகளின் உச்ச இழுப்பே சுமார் 250 மில்லிமீட்டர் பாதரச அளவுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. என் பெட்டியில் அதற்கு மேல் போட்டிருந்தது. ஒன்பது நிலைகள். ஒன்பதில் வைத்தேன். ஒன்பதுக்கு மேல் இருந்தால் அங்கேயும் வைத்திருப்பேன். சுவிட்சைப் போட்டதும் முதல் இரண்டு நிமிடம் அது படபடவென்று இலேசாக அடித்துக்கொண்டிருக்கும், பால் வராது. நேரத்தை வீணடிக்கிறது என்று நினைத்து, ஒரு பொத்தானை அமுக்கி அதைத் தாண்டி நேராகப் பெரிய இழுப்புக்குப் போய்விடுவேன். என் நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஏழாம் நாள், எட்டு முறையும் சேர்த்து 190 மில்லி. ஒன்பதாம் நாள் 170. பத்தாம் நாள் 150, பக்கத்தில் "இளஞ்சிவப்பு" என்று எழுதியிருக்கிறேன். பாலில் ரத்தக் கோடு. அது குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இல்லை. குறைப்பிரசவத் தாய்க்கு இரண்டாம் வாரத்துக்குள் நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வந்துவிட்டால் பின்னால் கவலையில்லை என்று சுவரில் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதத்துக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தேன்.

பொய்கையிலிருந்து வந்தவர்

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பொய்கைக்குப் பக்கத்தில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடுகிற அதே பொய்கை. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அவற்றை யாரிடமும் ஒப்படைக்க மனமில்லாமல், பேத்தி பிறந்து பதினோராம் நாள்தான் வந்தார். தூக்குவாளியில் பூண்டுக் குழம்பு, துணிப்பையில் முள் கத்தரிக்காய். நாங்கள் எடுத்திருந்த லாட்ஜ் அறையில் மின்விசிறி சூட்டைத்தான் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அத்தை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். எனக்கு மணி ஆகியிருந்தது. கூச்சப்பட நேரமில்லை, புனலை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். அவர் சிறிது நேரம் அந்த எந்திரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வைக்கோல் கன்று."

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். கன்று செத்துவிட்டால் சில மாடுகள் கறக்க விடாது. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும். நக்க நக்கச் சுரப்பு விடும். சின்ன வயதில் ஊசூரில் எங்கள் எதிர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. காதோரம் தோல் காய்ந்து உரிந்து, உள்ளேயிருந்து வைக்கோல் தாள் நீட்டிக்கொண்டிருக்கும். மாடு அந்த இடத்தைத்தான் ரொம்ப நேரம் நக்கும். கண்ணாடிக்கூண்டுக்குள் குழாய்களோடு கிடக்கிற என் குழந்தையின் இடத்தில் இந்தப் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு மனுஷி சொல்கிற வார்த்தையா இது? எனக்கு அழுகை பொங்கிவிட்டது. பால் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது, புட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது அப்படியே நின்றது.

அத்தை சமாதானம் செய்கிற ஆள் இல்லை. "பார்த்தாயா, அடக்கிக்கொண்டது" என்றார், ஏதோ மாட்டைப் பற்றிப் பேசுவது போல. பிறகு, "நான் தப்பாகச் சொல்லவில்லை கண்ணு. வைக்கோல் கன்றைக் காட்டியாவது முதலில் சுரப்பு விட வைக்கிறோம், அதற்குப் பிறகுதான் மடியில் கை வைக்கிறோம். உன் மிஷின் எடுத்த எடுப்பிலேயே கறக்கிறது. கன்று வந்ததும் இழுத்தா குடிக்கிறது? முதலில் முட்டும். படபடவென்று சப்பும். ஒரு பொட்டு பால் வராது, ஆனாலும் சப்பும். மாடு சுரப்பு விட்டதும்தான் நிதானமாக, மடக்கு மடக்காக ஊட்டும். முட்ட விடாமல் கறந்தால் மடியில் ரத்தம்தான் வரும்" என்றார்.

ரத்தம் வந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

எந்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தினமும் எட்டு முறை நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அந்தப் படபடப்பு, முட்டுகிற கன்று. நிமிடத்துக்கு 120 தடவை போல வேகமாக, இலேசாகச் சப்புவது. அது பால் எடுப்பதற்காக இல்லை, மூளைக்குச் சொல்வதற்காக. காம்பின் நரம்பு வழியாகச் செய்தி போய், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கி, பால் ஊறும் சின்னச் சின்னப் பைகளைச் சுற்றியிருக்கும் தசைகள் அமுங்கினால்தான் பால் காம்புக்கு வந்து சேரும். அதற்குப் பிறகுதான் அறுபது எழுபது தடவை என்று மெதுவான, ஆழமான இழுப்பு. அமுங்காதவரை எவ்வளவு இழுத்தாலும், முன்னால் கிடக்கிற கொஞ்சம்தான் வரும். பயம், வலி, அவமானம் எல்லாம் அந்த ஆக்ஸிடோசினைத் தடுக்கும். நான் ஒன்பதில் வைத்த ஒவ்வொரு முறையும் வலியைக் கொடுத்து, பாலை அடக்கி, பிறகு அடங்கிய பாலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை விழித்திருந்தார். என் முதுகில், தோள்பட்டைக்கு நடுவே, முஷ்டியால் மேலிருந்து கீழாகத் தேய்த்துவிட்டார். மடியில் குழந்தையைச் சுற்றியிருந்த துணி, மேலே ஆஸ்பத்திரி வாசம், கீழே வேறொரு வாசம். இழுப்பை நான்கில் வைத்தேன். படபடப்பை அதன் போக்கில் விட்டேன். இரண்டரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு மார்பிலும் எறும்பு ஊர்வது போல ஒரு சுருக்கு. பம்ப் மாட்டாத பக்கத்திலிருந்தும் பால் சொட்டிப் புடவை நனைந்தது. அத்தை குனிந்து பார்த்து "விட்டது" என்றார். நாக்கைத் தட்டி ஒரு சத்தம் செய்தார், கறக்கும்போது மாட்டுக்குச் செய்வாரே, அது.

எட்டாம் நம்பருக்குள் ஆறாம் நம்பர்

கதை இத்தோடு முடிந்து பால் ஆறாக ஓடியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஓடவில்லை. வலி மட்டும் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடித்தது ஒரு பள்ளிக்கூட ஸ்கேல். தாய்ப்பால் ஆலோசனை தருகிற ஒரு நர்ஸ், பால் எடுத்து முடித்த கையோடு புனலைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். காம்பைச் சுற்றிக் கருவட்டத்தில் சிவப்பாக ஒரு வளையம். மறுமுறை எடுப்பதற்கு முன்னால், காம்பின் அடியில் குறுக்களவை ஸ்கேலை வைத்துப் பார்த்தார். 16 மில்லிமீட்டர். பெட்டியோடு வந்த புனலின் குழல் 24. பெரும்பாலான பெட்டிகளில் அதுதான் வரும். குழல் காம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும், அதற்கும் குறைவாகவே சிலருக்குச் சுகமாக இருக்கும். எனக்கு எட்டு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்ப, கருவட்டம் முழுவதையும் எந்திரம் குழலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே போன சதை வீங்கி, பால் வரும் குழாய்களை அதுவே அடைக்கிறது. நான் இழுப்பைக் கூட்டக் கூட்ட அடைப்பும் கூடியிருக்கிறது.

மறுநாள் நூற்றுச் சொச்ச ரூபாயில், 24-க்குள் பொருந்துகிற 19 மில்லிமீட்டர் சிலிகான் வளையம் ஒன்று கிடைத்தது. நாங்கள் செலவழித்ததிலேயே மலிவான பொருள் அதுதான். அதைப் போட்டதும் காம்பு மட்டும் குழலுக்குள் முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வந்தது, உரசவில்லை. கடைகளில் பம்பின் விலை, மோட்டார், பேட்டரி, ஆப் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். "உங்கள் அளவு என்ன?" என்று ஒருவரும் கேட்பதில்லை. செருப்புக் கடையில்கூடக் கேட்கிறார்கள்.

நோட்டின் கணக்கு: பன்னிரண்டாம் நாள் 180, பதினைந்தாம் நாள் 260, இருபத்தொன்றாம் நாள் 410. சுவரில் இருந்த 500-ஐ நான் ஒருநாளும் தொடவில்லை. அதில் பாதிக்குமேல் என் பிடிவாதத்தில் தொலைந்த முதல் பத்து நாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் 410 என் மகளுக்கு அப்போது தேவைக்கு மேலேயே இருந்தது. குழந்தையை நெஞ்சோடு தோலும் தோலுமாக அணைத்து வைத்திருக்க அனுமதித்த பிறகு, இறக்கி வைத்த உடனே எடுத்தால் எப்போதும் பத்துப் பதினைந்து மில்லி கூடுதலாக வரும். அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்னால் இதைப் பற்றிப் படித்தபோது, இந்த எந்திரத்தின் வம்சாவளி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. மின்சாரப் பம்புக்கு 1920-களில் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் எட்வர்ட் லஸ்கர், பெயர்பெற்ற சதுரங்க ஆட்டக்காரர். 1956-இல் ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் ஐனர் எக்னெல் செய்த பம்ப்தான் ஆஸ்பத்திரிகளில் நிலைத்தது. அதற்கு வைத்த பெயரில், அவருக்குத் துணைநின்ற நர்ஸ் மாயாவின் பெயரெழுத்தும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்துச் சொன்னது இன்னும் பிடித்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் வலியில்லாமல் தாங்குகிற உச்சம் ஒன்று உண்டு, அதில் வைத்தால்தான் பால் நன்றாக வருகிறது. அந்த உச்சம் ஆளுக்கு ஆள் வேறு. கண்டுபிடிக்கும் வழி எளிது: வலி தெரியும்வரை கூட்டு, தெரிந்ததும் ஒரு படி இறக்கு. எனக்கு அது நான்கு. சித்தி மகளுக்கு ஆறாக இருக்கலாம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வங்காளத்துப் பெண்ணுக்கு இரண்டு. அவள் விரலைக் காட்டிச் சொன்னாள், அவளுக்கு என்னைவிட அதிகம் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் வாடகைக்கு ஒரு பெரிய பம்ப் எடுத்தோம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடியது. நாற்பது நிமிட வேலை இருபதாயிற்று. ராத்திரியில் அந்த இருபது நிமிடத் தூக்கத்தின் மதிப்பு, குழந்தை பெற்றவளுக்குத்தான் தெரியும். "மருத்துவமனைத் தரம்" என்று பெட்டியில் போடுவதற்கு இன்னதென்ற வரையறை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது, பால் மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும் சவ்வு இருக்கிறதா என்பதை. அது இருந்து, ஒவ்வொருத்திக்கும் தனிப் புனலும் குழாயும் இருந்தால்தான் ஒரு மோட்டாரைப் பலர் பயன்படுத்தலாம். என் முதல் பம்பில் அது இல்லை. ஒருநாள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூசணம். அக்கா கொடுத்தாள், தோழி கொடுத்தாள் என்று பழைய பம்பை வாங்கிக்கொள்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேலூர் மே மாதத்தில் இன்னொரு தொல்லை, மின்சாரம். ஒருநாள் விடியற்காலை போனது காலை பத்துக்குத்தான் வந்தது. கையால் அமுக்குகிற பிடி வைத்த சின்னப் பம்ப் ஒன்று அன்றைக்குக் காப்பாற்றியது. பந்து வைத்த ஹாரனைச் சொல்லவில்லை, பிடியை அமுக்கினால் இழுக்கும், விட்டால் விடும், எல்லாப் பாகத்தையும் கழற்றிக் கழுவலாம். எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். எங்கள் ஊர் வெயிலில் நான் அதை நம்பி ஒருநாளும் வைத்ததில்லை, நேராக ஐஸ் வைத்த பெட்டிதான். சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிற புதுப் பம்புகளைப் பற்றிக் கேட்கிறார்கள். பால் நன்றாக ஊறி நிலைத்த பிறகு வேலைக்குப் போகிறவளுக்குச் சௌகரியம். முதல் வாரங்களில், பாலை வரவழைக்க வேண்டிய நேரத்தில், அதை நம்பாதீர்கள் என்பேன்.

இவ்வளவையும் ஒரு செய்தியில் எப்படி எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவழியாக எழுதினேன். முதல் வரியாக, இப்போது எதையும் மார்பில் வைத்துச் சோதித்துப் பார்க்காதே என்று எழுதினேன். காம்பைத் தூண்டினால் சுரக்கிற அதே ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையையும் சுருக்கும், எட்டாம் மாதத்தில் அந்த விளையாட்டு வேண்டாம், டாக்டர் சொன்னால் ஒழிய. குழந்தை நேராக நன்றாகக் குடித்தால் முதல் மாதம் பம்பே தேவைப்படாது, வளைகாப்புக்கு யாராவது வாங்கித் தருவதாகச் சொன்னால் பணமாகக் கேள் என்றேன். தேவைக்கு மேல் எடுத்து எடுத்துப் பாலைப் பெருக்கிக்கொண்டு, கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பும்போது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது, அதைக் கேட்டு வை. பம்ப் வைத்துப் பால் எடுக்கத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் ஒரு பிளக் பாயிண்ட்டும் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை, அதை நீயேதான் சூப்பர்வைசரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

பம்பைப் பற்றிக் கடைசியாகத்தான் எழுதினேன். எட்டாம் நம்பர் ஷூவுக்குள் ஆறாம் நம்பர் காலை விட்டு நடந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, குழந்தை பிறந்த பிறகு முதலில் ஸ்கேலை எடு, பம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அத்தையின் கன்றுக் கதையையும் இரண்டு வரியில் சேர்த்தேன். வைக்கோல் கன்றை மட்டும் விட்டுவிட்டேன், எட்டாம் மாதத்தில் எதற்கு.

நீலக் குறி விழுந்தது. வெகுநேரம் பதில் இல்லை. ஷிஃப்ட் முடிந்திருக்கும், பஸ்ஸில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது:

"அக்கா, அதில் அரை நம்பரும் கிடைக்குமா?"